அடிக்கிறதா, வாசிக்கிறதா?

லோக்கல் கேபிள்ல மைக் பிடிக்கிறவன் பொழப்பும், கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கிறவன் பொழப்பும் ஒண்ணு. எல்லாரும் சிரிச்சுக்கிட்டே நம்மளைத் தாண்டிப் போவாக, ஒருத்தரும் நின்னு பேச மாட்டாக. உங்கள்ல யாராவது ஒருநாளாவது ஒரு மைக்கை நீட்டிக்கிட்டு, எதிர்ல இருக்கிறவர் எப்ப வாயைத் திறப்பார்னு கை கடுக்கக் காத்துக்கிட்டு நின்னிருந்தீகன்னா, வாங்க, பக்கத்துல உக்காருங்க. உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

என் பேரு காதர். விருதுநகர்ல அத்தாவுக்குப் பருப்புக் கமிஷன் கடை. கடையில வந்து உக்காருடான்னு அவுக சொல்ல, நான் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மாடியில இருந்த கேபிள் ஆபீஸ்ல போய் உக்காந்தேன். மொட்டை மாடிக்கு மொட்டை மாடி டிஷ் முளைக்காத காலம் அது. ரெண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருசம்னு வச்சுக்கோங்க. காலையில துக்க அறிவிப்பு, மத்தியானம் ஜவுளிக்கடை விளம்பரம், சாயங்காலம் பிறந்தநாள் வாழ்த்து, எல்லாத்துக்கும் என் குரல்தான். ஒருநாள் முதலாளிக்குத் திடீர்னு ஒரு யோசனை. "நம்ம ஊரு ஆளுக வெடிச் சத்தத்துல பிறந்து வளந்தவக. சத்தம் கேட்டாத்தான் டிவி முன்னால உக்காருவாக. நீ மேளக்காரங்களைப் பேட்டி எடு, ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் போடுவோம்"னார். கேமராவுக்கு பால்ராஜைச் சேத்துவிட்டார். பால்ராஜ் கல்யாண வீடியோ எடுத்துப் பழகின கை. யார் என்ன பேசினாலும் அவன் கேமரா தானா நகர்ந்து போய் கழுத்துச் சங்கிலியிலதான் நிக்கும்.

கொசுவும் தவிலும்

முதல் பேட்டி ஒரு தவில் வித்வான். பட்டு வேட்டி, ஜவ்வாது வாசம், கழுத்துல கனமாச் சங்கிலி. பால்ராஜுக்குப் பரம சந்தோசம். நான் தொண்டையைச் செருமிக்கிட்டு, "எம்புட்டு வருசமாத் தவில் அடிக்கிறீக?"ன்னு கேட்டேன். அவர் விரல்ல மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொண்ணாக் கழட்டி வெத்தலைப் பெட்டிக்குள்ள போட ஆரம்பிச்சார். பேட்டி முடிஞ்சுபோச்சுன்னு பால்ராஜ் கேமராவை அணைக்கப் போயிட்டான். எல்லாக் கூட்டையும் கழட்டி முடிச்சிட்டுத்தான் என்னை நிமிந்து பாத்தார். "தம்பி, கொசுவை அடிப்பாக. தவிலை வாசிப்பாக"ன்னார்.

சரி, புத்தி வந்துச்சுன்னு அடுத்த வாரம் சாத்தூர்ப் பக்கம் ஒரு தப்பு செட்டுக்காரங்ககிட்டப் போனேன். ரொம்ப மரியாதையா, குனிஞ்சு, "அண்ணே, எம்புட்டு வருசமாத் தப்பு வாசிக்கிறீக?"ன்னேன். கொஞ்ச நேரம் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாக. அப்புறம் வந்துச்சு பாருங்க சிரிப்பு, ஒருத்தருக்குப் புரையேறி முதுகுல தட்ட வேண்டியதாப் போச்சு. "வாசிக்கிறதா? அது நல்லா வந்திருந்தா சூலக்கரையில கலெக்டர் ஆபீஸ்ல உக்காந்து மனு வாசிச்சிருப்போமே பாய்! நாங்க அடிக்கிறவக. அடின்னு கேளுங்க, பதில் சொல்றோம்."

மூணாவதா ஒரு உறுமிக்காரர். அவர்கிட்ட நான் ரெண்டு சொல்லையும் சொல்லாம, கையை மட்டும் ஆட்டிக் காட்டினேன். அவருக்கும் கோவம். அடிச்சா உறுமி படுத்துக்கிருமாம், தேச்சாத்தான் உறுமுமாம். எந்த வாத்தியத்துக்கு எந்தச் சொல்லுங்கிறதை வாத்தியத்தைப் பாத்து வைக்கலை, ஆளு எந்தத் தெருவுல குடியிருக்கார்னு பாத்து வச்சிருக்காகன்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் உண்டு. அதை மைக்குல சொன்னா முதலாளி வயரைப் பிடுங்கிருவார்னு வாயை மூடிக்கிட்டேன். பால்ராஜ்தான் வழி சொன்னான். "எதுக்கு பாய் வம்பு? 'இதுல எம்புட்டு வருசமா இருக்கீக'ன்னு கேளுங்க. ஜெயில்ல இருக்கிறவன்கிட்டக்கூட அதைத்தான் கேக்குறாக."

உன் திரி ரொம்ப நீளம்

அந்தச் சாத்தூர் செட்டுக்காரர் ஒருத்தர்தான், "என் தங்கச்சியைப் போய்ப் பாருங்க பாய், நாங்கள்லாம் சும்மா"ன்னு ஏழாயிரம்பண்ணைக்கு அனுப்பி வச்சார். மாரீஸ்வரின்னு பேரு. பட்டாசுக் கம்பெனியில சங்குச் சக்கரம் சுத்துற வேலை. அவளும், அவளோட வேலை பாக்குற பொம்பளைக அஞ்சாறு பேரும் சேந்து தப்பு பழகியிருந்தாக. ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவு. காஞ்சு கிடந்த கண்மாய்க்குள்ள சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு வட்டமா நின்னாக. கையில எல்லாம் வெள்ளி மருந்து. எம்புட்டுத் தேச்சுக் கழுவினாலும் அது நகக்கண்ணுல நிக்குமாம். அந்த விரல்க வெயில்ல மினுங்கிக்கிட்டுத் தப்பு மேல ஓடினப்ப, பால்ராஜ் கேமரா முதத் தடவையா எந்தச் சங்கிலியையும் தேடிப் போகலை.

தாளத்துக்கு அவுக வச்சிருந்த பேரைக் கேட்டு நான் அசந்துபோனேன். மெதுவா விழுந்தா ஒத்தை வெடி. இரட்டிச்சா டபுள் ஷாட்டு. மொத்தமா ஓடுறது சரம். ஒருத்தி கொஞ்சம் பிந்திட்டா. மாரீஸ்வரி அடிக்கிறதை நிறுத்தாமலே, "ஏட்டி, உன் திரி ரொம்ப நீளம்!"னு கத்தினா. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. இதைச் சொல்ல எனக்கு என்ன வெக்கம்? அம்புட்டு நல்லா இருந்துச்சு.

ஆனா அதுவரைக்கும் ஒருத்தரும் இவுகளை ஒரு விசேசத்துக்கும் கூப்பிட்டதில்லை. பொம்பளை செட்டுங்கிறது ஒரு காரணம். இன்னொரு காரணம், மாரீஸ்வரி போட்ட கண்டிசன். எளவு வீட்டுக்கு வர மாட்டோம், நல்ல காரியத்துக்கு மட்டும்தான் வருவோம். "எங்க அப்பன், பாட்டன்லாம் அடுத்தவுக வீட்டுச் சாவுக்கே அடிச்சுத் தீத்துட்டாகண்ணே. நாங்க பந்தல் போட்ட வீட்டு வாசல்ல நின்னு அடிக்கணும்"னு சொன்னா. இதுல மாமியார் காளியம்மா வேற. அதே கம்பெனியில வேலை பாக்குற மனுசி, வாய் கொஞ்சம் காரம். "தீவாளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒருத்தனாவது வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடலைன்னா தப்பு பரணுக்குப் போயிரும், நீ அடுப்படிக்குப் போயிரு"ன்னு சொல்லிப்புட்டாளாம். மத்த வீடுகள்லயும் இந்த மாமியார் வாயைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாக. இங்கன தப்பு பரணுக்குப் போனா அங்கனயும் போயிரும். நான் சும்மா இருக்கலாம்ல? "டிவியில வரட்டும், கூப்பிட ஆளு வரிசையில நிப்பாக"ன்னு அளந்துவிட்டேன். மாரீஸ்வரி என்னை மேலயும் கீழயும் பாத்தா. "வாய்ப் பேச்சு சீக்கிரம் நமுத்துப்போயிரும்ணே. வரும்போது வெத்தலை பாக்கோட வாங்க."

இதயமும் அஞ்சாறு ரோசாப்பூவும்

ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சி வந்துச்சு. பால்ராஜ் அதைக் கல்யாண வீடியோ மாதிரியே எடிட் பண்ணி வச்சிருந்தான். மாரீஸ்வரி அடிக்க அடிக்க, அவளைச் சுத்தி ஒரு இதயம் பெருசாகிக்கிட்டே வருது. மத்த பொம்பளைக ஆளுக்கொரு ரோசாப்பூவுக்குள்ள இருந்து எட்டிப் பாக்குறாக. கடைசியில ஒரு புறா ஜோடி வேற. "என்னடா இது?"ன்னு கேட்டா, "மங்களகரமா இருக்கட்டும்னு போட்டேன்"ங்கிறான்.

ஆபீஸ் போன் விடாம அடிச்சுச்சு. நானும் ஆசை ஆசையா எடுத்தேன். ஒருத்தர், பத்தாம் நம்பர் சேனல்ல புள்ளி புள்ளியாத் தெரியுதுன்னார். இன்னொருத்தர், பட்டம்புதூர்ப் பக்கம் கேபிளே வரலைன்னார். ஒரு அம்மா மட்டும் ரொம்ப இழைஞ்சு பேசினாக. "அந்தப் பொம்பளைகளைப் பத்திக் கேக்கணும் தம்பி"ன்னாக. நான் பேனாவைத் தேடிக்கிட்டே, "சொல்லுங்கம்மா, என்ன விசேசம், எப்ப வச்சிருக்கீக?"ன்னேன். "விசேசம் இனிமேதான் தம்பி. மூணாவதா நின்னுச்சே பச்சைச் சேலை, அந்தப் பிள்ளைக்கு மாப்ளை பாத்தாச்சா?"

வந்த ஆர்டர்

அதுக்கப்புறம் நிஜமாவே ஒரு ஆர்டர் வந்துச்சு. டவுனுல ஒரு பெரிய எண்ணெய் வியாபாரி தவறிட்டார். அவர் மகனே ஆபீஸுக்கு ஆள் விட்டார். "அப்பா தேர் புறப்படுறப்ப அந்தப் பொம்பளை செட்டு அடிக்கணும், ஊரே திரும்பிப் பாக்கணும், கார் அனுப்புறேன்"னு. எளவுன்னு தெரிஞ்சும் நான் ஏழாயிரம்பண்ணைக்கு டிவிஎஸ்ஸை விரட்டினேன். தீவாளி நெருங்குதே, ஒண்ணுமே இல்லாததுக்கு இது தேவலையேன்னு எனக்கு ஒரு நப்பாசை.

சாயங்காலம், கம்பெனி பஸ்ஸுல இருந்து இறங்கினவகளை ரோட்டுலயே மறிச்சுச் சொன்னேன். மத்த பொம்பளைக முகத்துல ஒரு சபலம் வந்துச்சு. பச்சைச் சேலைப் பிள்ளை, "ஒரு தடவைதானக்கா"ன்னு இழுத்துச்சு. காளியம்மா, "வீடு தேடி வர்ற லட்சுமியை எத்திவிடாதடி. இதுக்கும் மாட்டேன்னா பரணைத் துடைச்சு வைக்கிறேன்"னு தூக்குவாளியை ஆட்டிக்கிட்டு நடந்துருச்சு. மாரீஸ்வரிக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆனா குரல் கொஞ்சம்கூட இறங்கலை. "செத்தவருக்கு எங்க பேரால ஒரு மாலையைப் போட்டு, நாங்களும் கும்பிட்டோம்னு சொல்லுங்கண்ணே. ஆனா நாங்க ஆரம்பிக்கிற அன்னைக்கு எதிர்ல ஒருத்தர் அழுதுக்கிட்டு நிக்கக் கூடாது."

சும்மா இருக்காத கை

இவுகளுக்கு எப்படியாச்சும் ஒரு நல்ல விசேசம் பிடிக்கணும்னு எனக்கு வெறியே வந்துருச்சு. பேட்டிக்குப் போற இடத்துல எல்லாம் இதைத்தான் கேட்டேன். சிவகாசியில பாட்டுக் கச்சேரி ட்ரம்ஸ்காரர் ஒருத்தர், குமரேசன். பகல்ல காலண்டர் அச்சடிக்கிற மெஷின்மேன், ராத்திரியில கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு மேடையில. அவர் சொல்றார், ஆப்செட் மெஷின் ஓடுற சத்தத்துலயே தாளம் பழகினாராம். மெஷின் ரிப்பேரானா இவருக்கும் தாளம் தப்புமாம். மனுசன் கை ஒரு நிமிசம் சும்மா இல்லை. டீ கிளாஸ்ல அடிச்சார், மேசையில அடிச்சார், பேச்சு சுவாரசியத்துல என் தொடையிலயும் அடிச்சார். ரெக்கார்டிங் பூரா 'டக்கு டக்கு'ன்னு கேக்குது. அவர் சம்சாரம் காப்பியைக் கொண்டுவந்து வச்சிட்டு நின்னாக. "கல்யாணமான நாள்ல இருந்து இவுக கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறேன். ஆசையில இல்லை தம்பி, மெத்தையில அடிக்காம இருக்கணும்ல!"

போறப்ப, மாரீஸ்வரி கதையைச் சொல்லி ஒரு வழி கேட்டேன். குமரேசன் கூலிங் கிளாஸைக் கழட்டினார். தன்னோட முதல் கச்சேரியே, அன்னைக்கு வாசிக்க வேண்டியவர் புரோட்டாவைத் தின்னுட்டுச் சுருண்டு படுத்ததால வந்துச்சாம். "திறமை எல்லாம் அப்புறம் பாய். எங்க தொழில்ல முதல் சான்ஸுங்கிறது இன்னொருத்தன் வயித்துவலி."

சாமி வந்த கேமரா

பழைய உறுமிக்காரர்கிட்டயும் போனேன். வாயால கேட்டா கோவிச்சுக்கிறார்னு, "சும்மா தேச்சுக் காட்டுங்க, படம் மட்டும் எடுத்துக்கிறோம்"னேன். உறுமி ஊஊம்னு எழும்புச்சு. திரும்பிப் பாத்தா கேமரா மேலயும் கீழயும் போகுது. பால்ராஜ் கண்ணு சொருகி ஆடிக்கிட்டு நிக்கிறான்! ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுல கோயர் பாடுற ஆளு. அவனைப் பிடிச்சு உக்கார வச்சுத் தண்ணி தெளிச்சோம். எந்திரிச்சதும் வெக்கத்துல, "பேட்டரி ஷாக் அடிச்சுருச்சு"ன்னு சாதிச்சான். உறுமிக்காரர் தேச்ச குச்சியைத் துடைச்சுக்கிட்டே என்கிட்ட மெதுவாச் சொன்னார். "சாமிக்கு யார் எந்தக் கோயில்னு பாக்கத் தெரியாது பாய். சத்தம் பிடிச்சிருந்தா வந்துரும்."

போர்மேன் போன்

ஆயுத பூசை வந்துச்சு. எங்க பக்கத்துல அன்னைக்குக் கம்பெனிக்குக் கம்பெனி பூசை, அச்சாபீஸுக்கு அச்சாபீஸ் பூசை. எல்லாம் ஒரே நாள், எல்லாருக்கும் மேளம் வேணும். அதுக்கு முந்தின நாள் அச்சங்குளத்துப் பக்கம் இருக்கிற ஒரு பட்டாசுக் கம்பெனியில இருந்து போன். பேசினவர் போர்மேன் பரமசிவம். ஆபீஸ் ரூம் டிவியில படம் தெரியலைன்னு சண்டை பிடிக்கத்தான் கூப்பிட்டார். பேச்சோட பேச்சா, "இருக்கிற எரிச்சல்ல இது வேற. பூசைக்குச் சொல்லி வச்ச நையாண்டி மேளம் இன்னொரு கம்பெனிக்கும் சொல்லிட்டான்யா, இப்ப வர முடியாதுங்கிறான்"னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மாரீஸ்வரியும் காளியம்மாவும் வேலை பாக்குறது அதே கம்பெனி!

"உங்க கம்பெனிக்குள்ளயே ஒரு செட்டு இருக்கே சார்"னேன். அவர் நம்பலை. "யாரு, நம்ம சக்கரம் சுத்துற மாரீஸ்வரியா? அது வாயே திறக்காதேய்யா!"ன்னார். நான் டிவிக்கு இன்னைக்கே ஆள் அனுப்புறேன், படம் கண்ணாடி மாதிரித் தெரியும், வேற மேளம் இந்த ஜில்லாவுலயே நாளைக்குக் கிடைக்காதுன்னு மூச்சுவிடாமப் பேசினேன். வித்வான்ல இருந்து குமரேசன் வரைக்கும் எல்லாருக்கும் ஆர்டர் இருந்துச்சு, அதனால நான் சொன்னதுல ஒண்ணும் பொய் இல்லை. கடைசியா ஒரு பெருமூச்சு விட்டார். அன்னைக்குச் சாயங்காலமே முறையா வெத்தலை பாக்கு வச்சு மாரீஸ்வரிகிட்ட நீட்டினதை நானே கண்ணால பாத்தேன். நீட்டுனவர் கையை எடுக்காமலே ஒண்ணு சொன்னார். "அடிம்மா, நல்லா அடி. ஆனா மேளம் சரியில்லைன்னா முதலாளி முன்னால என் மானம் போகும், சொல்லிட்டேன்."

சூடம் ஆகும், வைக்கோல் ஆகாது

மறுநாள் விடிஞ்சா மழை. எங்க சீமையில மழையை யாரும் வைய மாட்டாக, ஆனா அன்னைக்கு நான் வஞ்சேன். பெரிய மழை இல்லை, பிசுபிசுன்னு ஒரு தூறல், வெயிலையே காணோம். தப்புங்கிறது தோலு. ஈரக் காத்துப் பட்டாத் தொய்ஞ்சுபோயிரும். அதனால அடிக்கிறதுக்கு முன்னால வைக்கோலைப் போட்டுக் கொளுத்தி, அந்தத் தீயில தப்பைக் காட்டி முறுக்கேத்துவாக. ஊருக்குள்ள எங்க அடிச்சாலும் இதுதான் வழக்கம். மாரீஸ்வரியும் பழக்கதோசத்துல ஒரு கட்டு வைக்கோலைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, பட்டாசுக் கம்பெனி வாசலுக்கு வந்துட்டா!

வாட்ச்மேன் அலறின அலறல்ல பரமசிவம் ஓடி வந்தார். உள்ள போறவுக மடியிலயே தீப்பெட்டி இருக்கான்னு தடவிப் பாக்குற இடம் அது. எங்க கேமராவையே பேட்டரி இருக்குன்னு கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டாக. வெளிய போய்க் கொளுத்தலாம்னா அங்கன தீவாளி லோடு ஏத்தின லாரி வரிசையா நிக்குது. "பூசைக்குச் சூடம் கொளுத்துறீகள்ல?"ன்னு மாரீஸ்வரி கேட்டா. "அது ஆபீஸ் வாசல்ல, தட்டுல, ஒரு துண்டு. வைக்கோல் பொறி பறந்துச்சுன்னா நீயும் இல்லை, நானும் இல்லை, தீவாளியும் இல்லை!"ன்னார். அவர் சொன்னதுல என்ன தப்பு இருக்கு? மாரீஸ்வரி வைக்கோலைக் கீழ போட்டுட்டு, அப்படியே ஒரு அடி அடிச்சுப் பாத்தா. தொப்புன்னு கேட்டுச்சு. ஆறு பேரும் அடிச்சாக. தொப்புத் தொப்புன்னு சாணி தட்டுற சத்தம். முதலாளி கார் வர்ற நேரம். கம்பெனி ஆளுக பூராவும், மூக்கைப் பொத்திக்கிட்டும் வாயைப் பொத்திக்கிட்டும் சிரிக்கிறாக. பரமசிவம் தலையில கை வச்சுக்கிட்டார். "நமுத்த வெடியைப் போய்ப் பெட்டியில ஏத்திட்டேனே!"

மாரீஸ்வரி தப்பைத் தோள்ல இருந்து கழட்டப் போனா. அப்பத்தான் கூட்டத்துக்குள்ள இருந்து ஒரு தூக்குவாளி பறந்து வந்து பரமசிவம் காலடியில விழுந்துச்சு. பின்னாலேயே காளியம்மா.

"போர்மேன் அய்யா, என் மருமகளை வீட்டுக்குள்ள நான் ஆயிரம் சொல்லுவேன். நமுத்ததுன்னு நீங்க சொல்லாதீக!" அப்படியே இந்தப் பக்கம் திரும்பி மருமகளைப் பாத்து, "என்னடி கழட்டுற? மாட்டு தோள்ல! எல்லாரும் பஸ்ஸுக்கு வாங்கடி!"ன்னுச்சு. ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியலை. ரோட்டோரம் கம்பெனி பஸ்ஸு நின்னுச்சு. காளியம்மா முன்வாசல்ல ஏறி, டிரைவர் பக்கத்துல இருக்கிற இன்ஜின் பெட்டி மேல கிடந்த ரெக்சின் மெத்தையைச் சுருட்டி எறிஞ்சுச்சு. "பஸ்ஸுல இடம் இல்லைன்னு தினமும் என்னைய இதுமேலதான உக்கார வைக்கிறீக? இதோட சூடு எவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்! வைங்கடி தப்பை! ஏலே டிரைவரு, வண்டியைக் கிளப்பி நல்லா உறுமவிடு!" டிரைவர், டீசல் போகும், முதலாளி கேப்பாருன்னு முனகினார். காளியம்மா ஒரு பார்வை பாத்துச்சு. ஆக்சிலேட்டரை மிதிச்சவர் காலை எடுக்கவே இல்லை.

தப்பை மாத்தி மாத்தி வச்சு, புரட்டி, வயித்துச் சேலையால துடைச்சு, மறுபடி வச்சாக. உள்ள புழுக்கம், டீசல் வாடை, பொம்பளைக சிரிப்பு. பச்சைச் சேலைப் பிள்ளை ஜன்னல் வழியா, "இன்னும் ஒரு நிமிசம்ணே, வெந்துக்கிட்டிருக்கு!"ன்னு எனக்குத் தகவல் சொல்லுது. முதலாளி காரும் வந்து நின்னுருச்சு. பரமசிவம் குடையைப் பிடிச்சுக்கிட்டு ஓடினார். அப்ப பஸ்ஸுக்குள்ள ஒருத்தி விரலால சுண்டினா. கணீர்னு கேட்டுச்சு, எல்லாருக்கும் கேட்டுச்சு.

அப்புறம் என்னத்தைச் சொல்ல? பஸ் படிக்கட்டுல இருந்து அடிச்சுக்கிட்டே இறங்கினாக பாருங்க! ரோட்டுல இருந்து கேட்டு வரைக்கும், கேட்டுல இருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும், கால் மாத்தி, இடுப்பு வளைச்சு, சுத்திச் சுத்தி வந்தாக. கொஞ்சம் முன்னால சிரிச்ச அதே ஆளுக விசில் அடிச்சாக. பேக்கிங் பண்ற பொம்பளைக சேலையை இழுத்துச் செருகிக்கிட்டுக் கூட ஆட வந்துட்டாக. முதலாளி கைதட்டினதைப் பாத்துட்டுப் பரமசிவம் குடையைக் கீழ போட்டுட்டு அவரைவிட வேகமாத் தட்டினார். நான் மழையில நின்னுக்கிட்டு அழுதேன். சந்தோசத்துல அழுறது என்ன குத்தமா? மாரீஸ்வரி முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. அதை நான் எந்தக் கல்யாணப் பொண்ணு முகத்துலயும் பாத்ததில்லை. பால்ராஜும் பாத்ததில்லைன்னான், அவன் அம்புட்டுக் கல்யாணம் எடுத்த ஆளு.

பூசை முடிஞ்சு பொரி கடலை வாங்கித் தின்னுக்கிட்டு இருந்தப்ப, பக்கத்துக் கம்பெனி மேனேஜர் ஒருத்தர் வேலியோரமா வந்து நின்னார். "எங்க கம்பெனி ஆண்டு விழாவுக்கு வருவீகளாம்மா? நல்ல காரியம்தான்"னார். மாரீஸ்வரி பதில் சொல்ல வாயெடுக்குறதுக்குள்ள, காளியம்மா பொரியை மடியில கொட்டிக்கிட்டு முன்னால வந்து நின்னுச்சு. "வருவாக, வருவாக. பஸ்ஸு அனுப்பிருங்க. அனுப்பும்போது சூடா அனுப்புங்க!"

மேளக்காரங்க பின்னாடியே மைக்கைத் தூக்கிக்கிட்டு இம்புட்டுக் காலம் அலைஞ்சதுல நான் கண்ட உண்மை ஒண்ணுதான்: காளியம்மா மாதிரி, பேச வேண்டிய ஆளு எப்பவும் கேமராவுக்குப் பின்னாலதான் நிப்பாக, அவுக வாயைத் திறக்கிற நேரம் பாத்து நம்ம பேட்டரி கேட்டுக்கு வெளிய கிடக்கும்.